சிவப்பாகவே நின்ற விளக்கு

எனக்கு வயது முப்பத்தைந்து. போன மாதம் மனிதவளத் துறையினர் என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் ‘விருப்ப ஓய்வு’ என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பரிசோதனைப் பிரிவு மெர்சி அதை எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் நான் பேருந்தில் மூத்த குடிமக்கள் இருக்கையில் உரிமையோடு உட்காரலாம் என்றாள்.

ஒரகடத்தில் கண்காணிப்புக் கேமரா செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. கேமரா எடுக்கும் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் நிரலை எங்கள் பிரிவே எழுதிவந்தது. இப்போது வரும் சிப்புக்குள்ளேயே அந்த வேலை நடந்துவிடுகிறது. வாங்கிப் பொருத்தினால் போதும். அதனால் பிரிவை மூடினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்புகிற வாரத்தில் புதிய பயிற்சிப் பொறியாளர்கள் இரண்டு பேர் வந்து, “பத்து வருஷமா அப்படி என்னக்கா தேடினீங்க? எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இது.

தேடினீர்கள் என்று அவர்கள் சொன்னது சரியான சொல். வீடியோ என்பது ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒவ்வொன்றையும் முழுதாகச் சேமித்தால் ஹார்ட் டிஸ்க் தட்டு மதியத்துக்குள் நிரம்பிவிடும். ஆனால் ஒரு படம் பெரும்பாலும் அதற்கு முந்தைய படம்தான். எனவே படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுவோம். கிடைத்துவிட்டால், ‘அங்கிருந்து வலப்பக்கம் மூன்று புள்ளி, மேலே ஒரு புள்ளி நகர்ந்திருக்கிறது’ என்ற ஒரு அம்புக்குறியை மட்டும் எழுதினால் போதும். மிச்சமிருக்கும் சின்ன வேறுபாட்டைத் தனியாகச் சேர்த்துவிடலாம். இதற்குப் பெயர் மோஷன் எஸ்டிமேஷன். நகர்வைக் கணிப்பது.

எப்படித் தேடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஷிப்டு விடுகிற நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலைய வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நீலச் சீருடை. அந்தக் கூட்டத்தில் மெர்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். தவறாது, ஆனால் ஷேர் ஆட்டோ போய்விடும். அல்லது நேற்று அவள் நின்ற இடத்தை முதலில் பார்த்து, அங்கே இல்லையென்றால் நாலு பக்கமும் பார்த்து, அவளைப் போலத் தெரிகிற பக்கமாக நகர்ந்து, அங்கிருந்து மறுபடி நாலு பக்கமும் பார்க்கலாம். வேகம் கிடைக்கும், அவளைப் போலவே சடை போட்ட வேறொருத்தியிடம் போய் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. அவளோடு வேலை பார்ப்பவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து அந்தத் திசையில் போவது இன்னொரு வழி. நாங்கள் எல்லாவற்றையும் கலந்து வைத்திருந்தோம். இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: எப்போது நிறுத்துவது? ‘போதும், இவள்தான்’ என்று எந்த இடத்தில் முடிவு செய்வது? எங்கள் பிரிவில் நடந்த சண்டைகள் அத்தனையும் அதைப் பற்றித்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்தேன். இரண்டாம் வருடம் அதைத் திருத்தி உடைத்தேன். மூன்றாம் வருடம் உடைந்ததைச் சரிசெய்தேன்.

எங்கள் தலைவர் சந்தானம் சார். மெல்லிய குரல், முழுக்கைச் சட்டை, கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து கதவோரமாக உட்காருவார். வரைபடம், அட்டவணை எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “ஓட்டிக் காட்டும்மா” என்பார். ஓட்டினால் மூன்று முறை பார்ப்பார்: ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பின்னோக்கி. அவரிடம் ஓர் அட்டை இருந்தது. உதிரிபாகங்கள் வரும் பெட்டியிலிருந்து வெட்டியது, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துளை. சந்தேகமான இடத்தின் மேல் அந்தத் துளை வருகிறமாதிரி அட்டையைத் திரையில் ஒட்டிவிட்டு, துளை வழியாக மட்டும் பார்ப்பார். முழுப் படத்தையும் பார்த்தால் கண் தானாகவே கதை கட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கே முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்த அட்டை பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் ஒரு கன்வேயர் பெல்ட். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை, பெல்ட் பின்னோக்கி ஓடினால் எச்சரிக்கும் கேமரா கேட்டிருந்தார்கள். எங்களிடம்தான் அம்புக்குறிகள் இருக்கின்றனவே, அவை எந்தப் பக்கம் காட்டுகின்றன என்று எண்ணினால் போயிற்று என்று கொடுத்துவிட்டோம். காலையிலிருந்து மாலைவரை கேமரா அலறிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த சூப்பர்வைசர் போனில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “மேடம், பெல்ட்டு நேராத்தான் ஓடிகினு கீது. ஒங்க கேமராவுக்குத்தான் தல சுத்துதுன்னு நெனைக்கிறேன். எதுனா குடிக்கக் குடுங்க.”

பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே மாதிரியான வட்ட மூடிகள். அடுத்த படம் எடுப்பதற்குள் ஒரு மூடி பாதி இடைவெளிக்கு மேல் முன்னால் போய்விடுகிறது. எங்கள் தேடல் பக்கத்தில் பார்க்கிறது; பின்னால் வந்த வேறொரு மூடி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. இதுதான் அது என்று முடிவு செய்து, பின்னால் போகிறது என்று அம்பு போடுகிறது. சந்தானம் சார் அட்டையை ஒட்டி, துளை வழியாக ஓடும் மூடிகளை வெகுநேரம் பார்த்தார். “எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கே தெரியல. அது பாவம் என்ன பண்ணும்?” என்றார். பெல்ட்டின் ஓரத்தில் இருந்த ஒட்டுப்போட்ட தையலையும் சேர்த்துத் தேடும்படி மாற்றினோம். கேமராவுக்குத் தலைசுற்றல் நின்றது.

இனி சொல்லப்போவது வேறு.

ஒரகடத்திலேயே இருக்கும் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் வெல்டிங் ரோபோவை ஒரு கம்பிக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். கூண்டின் கேட் மறுபக்கம். ரோபோவை ஓட்டும் பொத்தான் அருகே நிற்கும் ஆபரேட்டருக்கு அதுவும் தெரியாது, உள்ளே நிற்கும் ஆளும் தெரியாது. நடுவே தகரத் தடுப்பு. அதனால் பொத்தானுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. ஒரே குமிழ், இரண்டு நிறம். கேட் திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் பச்சை. பச்சையில்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.

சிக்கிக்கொண்ட ஒரு பாகத்தை எடுக்க ஏழுமலை என்ற டெக்னீஷியன் உள்ளே போயிருந்தபோது ரோபோ ஓடிவிட்டது. அவருடைய இடது கை முறிந்தது. பொத்தானை அமுக்கியவள் இசக்கியம்மாள், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சி ஊழியர். விளக்கு பச்சையாக இருந்தது என்று அவள் சொல்கிறாள். அங்கே மாட்டியிருந்த எங்கள் கேமராவின் பதிவில் கேட் விழவில்லை; விளக்கு ஆரம்பம் முதல் கடைசிவரை சிவப்பு. அதிகாரி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பதிவு திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்து கடிதம் கொடுங்கள். கொடுத்துவிட்டால் விசாரணை முடியும். அவளை வேலையைவிட்டு எடுத்துவிட்டு, கவனக்குறைவென்று காவல் நிலையத்தில் புகாரும் கொடுப்பார்கள்.

பதிவு திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. படத்தின் மேல் ஒவ்வொரு கட்டமும் எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதை வண்ணம் போட்டுக் காட்டும். திருத்தியதற்கு எந்தத் தடயமும் இல்லை. பெண்ணின் கை இருந்த கட்டங்களில் அம்புகள், ரோபோ இருந்த கட்டங்களில் அம்புகள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. விளக்கு இருந்த கட்டம் மட்டும் சாம்பல் நிறம்.

சாம்பல் என்றால் எங்கள் மொழியில் ‘ஸ்கிப்’. ‘இங்கே ஒன்றும் மாறவில்லை, முந்தைய படத்தில் இருந்ததையே எடுத்துப் போடு’ என்று அர்த்தம். ஆடாமல் நிற்கும் சுவருக்கும் தூணுக்கும் அப்படித்தான் செய்வோம். ஒன்றும் மாறவில்லை என்று கேமரா எதை வைத்து முடிவு செய்கிறது? வெளிச்சத்தை வைத்து. நிறத்தை அது பார்ப்பதில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைத்தான் கூர்மையாகப் பார்க்கும். நிறத்தை எப்படியும் பாதி அளவில்தான் சேமிக்கிறோம். நிறத்தையும் ஒப்பிட்டால் அந்தச் சின்ன கேமரா சூடாகிவிடும். எல்லாவற்றையும்விட, நகர்கிற பொருள் தன் வெளிச்சத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு நகரும்; வெளிச்சத்தைத் தேடினால் பொருள் கிடைத்துவிடும். இந்தத் தொழிலில் பலரும் செய்வது அதுதான். ஆனால் நின்ற இடத்திலேயே நின்று, வெளிச்சம் கூடாமல் குறையாமல், நிறம் மட்டும் மாறுகிற ஒரு பொருள்? நாங்கள் நகர்வைத் தேடிக்கொண்டிருந்தோம். விளக்கு நகர்வதில்லை.

அவ்வப்போது ஒரு முழுப்படத்தை அப்படியே சேமிப்போம். அதில் நிறம் சரியாக வந்துவிடும். விபத்துக்கு முன்னால் ஒரு முழுப்படம், சிவப்பு. விபத்து நடந்து, ஆட்கள் ஓடிவந்து கேட்டைத் திறந்த பிறகு அடுத்த முழுப்படம், அதுவும் சிவப்பு. நடுவில் இருந்த நொடிகள் அத்தனையும் சாம்பல். அந்த நொடிகளில் விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது என்பது எங்கள் பதிவில் இல்லவே இல்லை.

நான் சந்தானம் சாரிடம் போனபோது கடிதத்தை அவர் தயார் செய்து வைத்திருந்தார். ஒரே வரி. ‘இந்தப் பதிவு எவ்விதத்திலும் திருத்தப்படவில்லை.’

உண்மைதான் சார், ஆனால் விளக்கு சிவப்பாக இருந்தது என்றுதான் அவர்கள் இதைப் படிப்பார்கள் என்றேன். சாம்பல் கட்டத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவங்க கேக்காத கேள்விக்கு நாம எதுக்கும்மா பதில் சொல்லணும்?”

“கேக்கத் தெரியல சார் அவங்களுக்கு.”

“நம்ம கேமராவுக்குக் கலர் மாறுனா தெரியாதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எத்தன பேரு கழட்டி அனுப்புவான்னு நெனச்சுப் பாத்தியா? இந்த ரூம்ல இருக்கிறவங்க எல்லாரோட வேலையும் அதுல இருக்கு.”

“அந்தப் பொண்ணோட வேலையும் இருக்கு சார்.”

அவர் பயந்த சுபாவம். அது குற்றமில்லை, ஒரு மகள் கல்லூரியில், வீட்டுக் கடன் பாதியில். எழுந்து போய்விட்டார். தேநீர் இடைவேளை முடிந்து என் இடத்துக்கு வந்தபோது கையில் அந்த அட்டை இருந்தது. என் திரையில் விளக்கின் மேல் ஒட்டினார். ஓட்டச் சொன்னார். மூன்று முறை. பின்னோக்கி ஓடியபோது குனிந்து மூக்கு திரையில் படும்படி நின்றார். துளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி, கொஞ்சமும் அசையாமல், மினுக்காமல் நின்றது. உண்மையான எந்த விளக்கும் கேமராவில் அப்படி நிற்காது, லேசாகவாவது துடிக்கும்.

“செவப்புதான் தெரியுது,” என்றார். “ஆனா இது அந்த நேரத்துச் செவப்பு இல்ல.” அட்டையைப் பிய்த்து எடுத்தார். “இப்ப எதுவும் எழுத வேணாம். அங்க போயி ஓட்டிப் பாத்துடலாம்.”

அதே வாரம் போனோம். பாதுகாப்பு அதிகாரிக்கு எரிச்சல். கடிதம் கேட்டால் ஆள் வந்து நிற்கிறார்கள். சந்தானம் சார் அவரிடம் தலையை ஆட்டிக்கொண்டே தன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே கேமரா, கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. அன்று எரிந்த விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். பக்கத்து வரிசையில் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் ஓட வேண்டும். அந்தப் பெண் அதே இடத்தில் நிற்க வேண்டும். ரோபோவுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிடலாம். கூண்டுக்குள் யாரும் போகக் கூடாது.

இசக்கியை அழைத்து வந்தார்கள். தலையில் வலைத்தொப்பி, தொளதொள சீருடை. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பராமரிப்புப் பிரிவு ஆள், “கேட்ட சாத்தினா பச்ச வந்துரும் சார், சாத்தட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம்,” என்றார் சந்தானம் சார். “அன்னிக்கு அவரு உள்ள போகும்போது கேட்ட எப்படி விட்டுட்டுப் போனாரு?”

சும்மா ஒருக்களித்து விட்டுப் போனார் என்றார்கள்.

“அப்ப அப்படியே விடுங்க. யாரும் தொடாதீங்க.”

காத்திருந்தோம். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்ந்தது. நான் செல்போனை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இசக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். வேலையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற பொருளில் ஏதோ சொன்னேன். அவள் விளக்கைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினாள்.

“வேல கெடக்கட்டும்க்கா. வேற கம்பெனியில போயி நின்னா ஒரு வேல கெடைக்கும். ஏழுமல அண்ணன்தான்…” வலைத்தொப்பியை இழுத்துவிட்டாள். “நான் தெரிஞ்சே அமுக்கிட்டேன்னு அண்ணன் நெனைக்காவ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மதினி உள்ள விடல. வீடியோவ எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. அண்ணனும் பாத்துட்டாவளாம்.”

ஏழுமலை வீட்டுச் சாப்பாட்டில் அவளுக்கும் ஒரு டப்பா வரும். விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளாமல் அவள் மெலிந்துபோனதைப் பார்த்து அவர் மனைவிதான் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த மனைவிதான் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது.

தேநீர் வந்து குடித்து முடித்தோம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மறுபக்கம் நின்ற பராமரிப்பு ஆள், கேட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். அதிர்வுக்கு அது தானாகவே சாய்ந்துகொண்டிருந்தது. பிரஸ் இன்னொரு முறை இறங்கியது. கேட் தூணில் போய் ஒட்டிவிட்டது, பூட்டிக்கொள்ளவில்லை, சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றார் அவர்.

விளக்கு பச்சையானது.

“இதாங்க்கா,” என்றாள் இசக்கி, மூச்சுக்குள்ளே.

மறுபடி பிரஸ் இறங்கி, கேட் உதறிக்கொண்டு விலகி, விளக்கு சிவப்பானது. பிறகு எங்கள் கேமராவின் பதிவை அங்கேயே போட்டுப் பார்த்தோம். சிவப்பு. தொடக்கம் முதல் முடிவுவரை சிவப்பு. பக்கத்தில் என் செல்போனில் அதே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட ஆளனுப்பினார். கேட்டின் சுவிட்சைப் பிடித்திருந்த தகடு தளர்ந்து போயிருந்தது.

சந்தானம் சார் தன் கைப்படவே கடிதத்தை மாற்றி எழுதினார். பதிவு திருத்தப்படவில்லை, ஆனால் குறிப்பிட்ட அந்த நொடிகளில் விளக்கின் நிறத்துக்கு இந்தப் பதிவு சாட்சியாகாது. ஏன் என்பதற்கு ஒரு பக்கம். விற்பனைப் பிரிவில் அவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள்; என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. இசக்கியின் மீதான நடவடிக்கையைக் கைவிட்டார்கள். நாங்கள் நிரலில் நிறத்தையும் ஒப்பிடும்படி மாற்றினோம். தட்டுகள் சீக்கிரம் நிரம்புகின்றன என்று புகார்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தானம் சாரே பதில் எழுதினார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். நான் நம்பவில்லை.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய சிப்பு உள்ளே எப்படித் தேடுகிறது, எப்போது நிறுத்துகிறது, நிறத்தைப் பார்க்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், ஒரு விளக்கை அதன் முன்னால் வைத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

கடிதம் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, இசக்கியும் நானும் ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போனோம். என் மடியில் மடிக்கணினி. அவள் வழியெல்லாம் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். மனை போட்ட காலி நிலங்களுக்கு நடுவே, மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நின்ற வீடு. கதவைத் திறந்த ஏழுமலையின் மனைவி இசக்கியைப் பார்த்ததும், “இன்னா வேணும்?” என்றார். நான் கேமரா கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் யோசித்து வழிவிட்டார்.

ஏழுமலை கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கை மாவுக்கட்டில் இருந்தது. என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

“அந்த வீடியோவத்தான் பாத்துட்டேனே மேடம். செவப்பு எரிஞ்சிகினு கீது, அமுக்குது. இன்னும் இன்னாத்த பாக்கணும்?”

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். இடப்பக்கம் என் செல்போன் எடுத்தது, வலப்பக்கம் எங்கள் கேமரா எடுத்தது. இடப்பக்கம் விளக்கு பச்சையானது. வலப்பக்கம் சிவப்பாகவே நின்றது.

“இது எப்ப எடுத்தது?”

“போன வாரம்.”

“அதே கேமராவா?”

“அதேதான். கேமராவுக்கு அந்தப் பச்ச தெரியலண்ணா. எங்க தப்பு அது. கேட்டு தானா சாஞ்சு சுவிட்ச தொட்டுட்டு நின்னுது. அதான் பச்ச வந்துச்சு.”

அவர் நல்ல கையால் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒருமுறை. மனைவி பின்னால் வந்து நின்று அவரும் பார்த்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பூட்டு போட்டிருந்தா கேட்டு சாத்திகினு இருக்காது,” என்றார் ஏழுமலை, யாரிடமும் இல்லாமல்.

உள்ளே போகும் டெக்னீஷியன் தன் சொந்தப் பூட்டைத் திறந்த கேட்டில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அப்போது கேட் மூடாது. அதுதான் விதி. ஒரு நிமிட வேலைக்கு அந்தத் தொழிற்சாலையில் யாரும் மாட்டுவதில்லை.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். “பூட்டா? அத நீ சொல்லவே இல்லியே.”

“சொல்லிருந்தா நீ என்னிய இந்த வூட்டுக்குள்ள சேத்திருப்பியா?”

“சேத்திருக்க மாட்டேன்தான்,” என்றார் அவர். “பாவம், அந்தப் பொண்ணப் போயி வாசல்லயே நிக்க வச்சு…” பாதியில் நிறுத்திவிட்டு, முகத்தைக் காட்டாமல் சமையற்கட்டுக்குள் போனார். பாத்திரங்கள் அதிகமாகவே சத்தம் போட்டன.

ஏழுமலை அப்போதுதான் இசக்கியைப் பார்த்தார். அவள் சுவரோரமாக, துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“இப்ப எந்த லைன்ல போட்டுகீறாங்க?”

“பேக்கிங்லண்ணே.”

“அது ஒரு லைனா? நான் வந்ததும் கேட்டு மாத்திக்கலாம்.” கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தலையணையின் மேல் வைத்துக்கொண்டார். “இனிமே நான் பூட்டு போடாம உள்ள போனேன்னு வை, நீ பொத்தான் பக்கமே போவாத. அங்கருந்து கத்தணும். ‘பூட்டு எங்கே’ன்னு கத்தணும். சூப்பர்வைசர் இருந்தாலும் கத்தணும். இன்னா?”

“சரிண்ணே.”

“இப்டி சொன்னா பிரஸ் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? கத்துவியா மாட்டியா?”

“கத்துதேம்ணே” என்றாள் இசக்கி. சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.